பாட்டுக்கும் ஒரு முதற்பிரதி

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

அப்பாவின் கோல் வந்தபோது மீன்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா வழக்கம்போல அடுப்பைத் தணித்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, முகம் துடைத்து, பொட்டை நேராக்கிய பிறகுதான் போனை எடுத்தா. பிரான்சில் இருப்பவருக்கு மீன் மணக்குமா? கேட்டால் "சும்மா இரு பிள்ளை" என்பா. சத்தத்தையும் குறைத்துத்தான் வைத்திருப்பா, நான் யாரோ அயலட்டைப் பெண் போல.

பின்னேரம் மிதுஷன் எங்கள் பாட்டை அனுப்பினான். அவன் ட்ரம்ஸ். சித்தியின் மகன் லவன் கிற்றார். எழுத்தும் குரலும் நான். மூன்று பேருக்கும் சேர்த்து "தாம்போதி" என்று ஒரு பெயர், கடலுக்குக் குறுக்கே போகும் எங்கள் தெருவை வைத்து. ஒலிக்கலவையும் மிதுஷன்தான். "உம்மட குரலை இன்னும் எவ்வளவு உள்ளுக்குத் தள்ளுறது? கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரிக் கிடக்கு" என்று எழுதியிருக்கிறான்.

இந்த வகை ரொக்கில் குரலும் ஒரு வாத்தியம், சொற்கள் விளங்கவேண்டிய அவசியமில்லை என்று பதில் போட்டேன். அழகான நியாயம். உண்மை என்னவென்றால், சொற்கள் விளங்கினால் அம்மாவுக்கும் விளங்கும்:

ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருவாய்
உள்ளங்கை அளவு முகத்தோடு
உன் பின்னால் ஒரு பிள்ளை அழும்
அது ரீவி என்பாய்
நாங்களும் ரீவி என்போம்

"அவருக்கு இன்னும் விசாப் பேப்பர் சரிவரேல்லை" என்று பதினாறு வருடமாக அம்மா ஊருக்குச் சொல்கிறா. அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருப்பது தெரிந்த ஊரும் தலையாட்டுகிறது. அம்மா உண்மையாகவே நம்புகிறாவா? ஒரு நாவலில் இப்படியொரு பெண் வந்தால் எரிச்சலில் புத்தகத்தை மூடிவிடுவேன்.

பெப்ரவரி 7, வெள்ளி

பாட்டு "ஞாயிறு" என்ற பெயரில் வெளியாகிவிட்டது. எங்கள் ஊர் நாரந்தனை அப்படியே இருக்கிறது.

பெப்ரவரி 9, ஞாயிறு

யூரியூப்பில் கருத்துகள். ரொறன்ரோவிலிருந்து ஒருவர்: "யாழ் மண்ணின் பெண் சிங்கம்." கேட்டுவிட்டு எழுதியதாகத் தெரியவில்லை. லண்டனிலிருந்து: "மண்வாசனை வீசுகிறது." எங்கே வீசியது, ட்ரம்ஸிலா? மிச்சப் பேரெல்லாம் ஒரே பல்லவி: வசனம் விளங்கவில்லை, வெறும் இரைச்சல். ஒருவர் எனக்குத் தமிழ் உச்சரிப்பு சொல்லித்தர முன்வந்திருக்கிறார்.

சித்தி: "கரண்ட் போய்ப் போய் வந்த நேரத்திலயோ பதிஞ்சனீங்கள்?" பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்லப்பட்ட விமர்சனம் இதுவரை இது ஒன்றுதான்.

அம்மாவும் கேட்டா. "நல்லாத்தான் கிடக்கு. என்ன பாடுறாய் எண்டுதான் தெரியேல்லை."

"அது அந்தமாதிரிப் பாட்டு அம்மா."

பெப்ரவரி 13, வியாழன்

லவனின் பெரியப்பா தம்பிராசா மாஸ்டர் ஓய்வுபெற்ற அதிபர். சனசமூக நிலையத்தின் ஓய்வுபெறாத தலைவர். இன்று லவனையும் என்னையும் கூப்பிட்டு விசாரணை.

"வெளியீட்டு விழா வைக்காமல் எப்பிடியடா வெளியிட்டனீங்கள்?"

"யூரியூப்பில பெரியப்பா."

"அது நீங்கள் அதில போட்டது. வெளியீடு எண்டது வேறை. முதற்பிரதி ஆருக்குக் குடுக்கிறது?"

பிரதியே இல்லை என்று லவன் விளக்கினான். மாஸ்டர் அவனை வகுப்பில் கடைசி வாங்குப் பொடியனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பிரதி இல்லாமல் என்ன படைப்பு?"

முடிவு: கியூஆர் கோட்டைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு, சிவப்புத் தாளில் சுற்றி, நாடா கட்டி, தாம்பாளத்தில் வைத்துக் கையளிப்பது. சிறப்புப் பிரதிகளாகச் சின்னக் கியூஆர் கோட்கள்.

நான் வரமாட்டேன் என்றேன். "பாடகி இல்லாமல் ஏலாது" என்று மாஸ்டர் தீர்ப்பளித்தார்.

பெப்ரவரி 18, செவ்வாய்

அழைப்பிதழ் வந்தது. மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, ஆய்வுரை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை. பாட்டு மட்டும் இல்லை. மாஸ்டரிடம் கேட்டேன்.

"ஓ, அதையும் ஒருக்காப் போடுவம்."

பெப்ரவரி 22, சனி

இன்று விழா. நடந்ததை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நித்திரை வராது.

விரிவுரையாளர் ஒருவர் ஆய்வுரை. தேவாரப் பண்களில் தொடங்கி, உலகமயமாதலில் இறங்கி, தன்னுடைய ஜெர்மனிப் பயணத்தில் தரித்து நின்றார். எங்கள் பாட்டைப் பற்றி ஒரே வசனம்: "நேரமின்மை காரணமாகப் பாடலுக்குள் செல்ல முடியவில்லை." முதற்பிரதியை வாங்கிய கடை முதலாளி சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி படத்துக்கு நின்றார். எவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதுவரை எனக்குச் சிரிப்புத்தான்.

நன்றியுரைக்குப் பிறகு, கேக்கும் சோடாவும் வரும் நேரத்தில், பாட்டு.

ஒலிபெருக்கி ரஜீபன் அண்ணை, கோயில் திருவிழாக்களுக்குக் கட்டுபவர். கொண்டுவருவதாகச் சொன்ன பெரிய பெட்டிகள் ஒரு கலியாணவீட்டுக்குப் போய்விட்டனவாம். கூரையில் கூம்பு ஸ்பீக்கர்கள் மட்டும். "பயப்பிடாதேயும் தங்கச்சி, கடல் தாண்டி அனலைதீவுக்கும் கேக்கும்."

கூம்புக்குத் தடித்த சத்தம் வராது. பேஸ் காணாமற்போனது, ட்ரம்ஸ் தகரமானது, கிற்றார் காதடியில் இரையும் நுளம்பானது. மிஞ்சியது என் குரல். ஐயரின் மந்திரமும் மரண அறிவித்தலும் ஊருக்குத் தெளிவாகக் கேட்கவென்று செய்யப்பட்ட சாமான் அது. நான் ஹெட்போனில் எவ்வளவு கவனமாகப் புதைத்தேன்! எங்கள் ஊர் எதில் பாட்டுக் கேட்கும் என்று ஒருமுறையாவது யோசித்தேனா?

அது ரீவி என்பாய். சொல் சொல்லாக. நாங்களும் ரீவி என்போம்.

கேக் தட்டுகள் அப்படியே நின்றன. ஒருவரும் அம்மாவைப் பார்க்கவில்லை. ஒரு மண்டபம் முழுக்கச் சேர்ந்து ஒருவரைப் பார்க்காமல் இருக்கும் என்று இன்றுதான் கண்டேன். இரண்டாவது வரிசையில் அம்மா அழைப்பிதழை மடித்தபடி. பாட்டு முடிந்ததும் முதலில் கைதட்டியது அவதான்.

வீட்டுக்கு வரும் வழியில், "நுளம்புத்திரி முடிஞ்சுது, கடையடியில நில்" என்றா. எனக்கென்ன பேய் பிடிச்சது? ஏன்தான் எழுதித் துலைச்சன்?

பெப்ரவரி 23, ஞாயிறு

கோல் வந்தது. அம்மா கை கழுவினா. பொட்டை நேராக்கினா. "நல்ல சனம். எல்லாரும் பிள்ளையைப் பாராட்டினவை" என்று அவருக்குச் சொன்னா.

அவ்வளவுதான். ஒரு பாட்டு எதையாவது அசைக்கும் என்று நினைத்த நானும் அந்த ரொறன்ரோக்காரரும் ஒன்றுதான்.

பெப்ரவரி 25, செவ்வாய்

சித்தி வந்தா. "வீட்டுக் கதையைக் கூம்பில விடலாமோ பிள்ளை?" பஸ்ஸில் கூட வந்த, பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் அக்காவும் அதையே சுற்றி வளைத்துச் சொன்னா.

விளங்காதபோது விளங்கவில்லை என்றார்கள். விளங்கியபோது இதையெல்லாம் பாடலாமா என்கிறார்கள். இவர்களுக்கு அந்த விரிவுரையாளர்தான் சரி.

பெப்ரவரி 27, வியாழன்

குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அம்மா தலை நிமிரவில்லை.

"அந்தப் பிள்ளை அழுத சத்தம் உனக்கும் கேட்டதோ?"

"ஓம்."

"எப்ப?"

"ஓ.எல். சோதனைக்குப் படிக்கேக்க."

கத்தியை வைத்தா. "நான் உடனை சத்தத்தைக் குறைச்சனான். உனக்குக் கேக்கேல்லை எண்டு நினைச்சன்." பிறகு, "உனக்குக் கேக்கேல்லை எண்டுதானே நான் இவ்வளவு காலமும்—"

ஓர் உள்ளிப்பூண்டை எடுத்து உரிக்கத் தொடங்கினா.

"அம்மா நம்புகிறாவா" என்று இதே கொப்பியில் எழுதியிருக்கிறேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்.

மார்ச் 2, ஞாயிறு

பாட்டைத் திரும்பக் கலந்து போடுவோம், குரலை மேலே கொண்டுவாரும் என்று காலையில் மிதுஷனுக்கு எழுதினேன். "கூம்பு அளவுக்கோ?" என்று கேட்டிருக்கிறான். ஓம் என்றேன்.

கோல் வந்தது. அம்மா ஒட்டி மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கை கழுவவில்லை.