உன் அப்பா வாசித்த கவிதை

அன்பு மகன் யாதெருக்கு, அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் எனக்கு உடம்பு சுகம், அங்கே கோஸ்தா ரிக்காவில் கட்டட வேலைக்குச் சாரம் ஏறி இறங்குகிற உன் கை காலும் சுகமாக இருக்கட்டும். உன் அப்பாவுக்கும் உடம்பில் ஒன்றுமில்லை, மூஞ்சியைத்தான் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். திருவிழா முடிந்ததிலிருந்து முடிவெட்டும் கடையைத் திறக்கவில்லை, ஊரெல்லாம் தாடியோடு திரிகிறது. எல்லாம் கவிதையால் வந்த வினை.

நம் ஊரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா, வேலை இல்லாதவன் கவிஞன், வேலை இருக்கிறவன் வேலை முடிந்ததும் கவிஞன். திருவிழாவில் கோயில் முற்றத்தில் ஆளுக்கு ஒரு கவிதை வாசிக்க வேண்டும், கூட்டம் மரியாதைக்கு "இன்னொண்ணு" என்று கத்தும், வாசித்தவர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்துவிட்டு இறங்கிவிட வேண்டும். சாப்பிட்டுப் போங்களேன் என்றால் உடனே யாராவது தட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்களா? ஆனால் தலைநகர் மனாகுவாவிலிருந்து புதிதாக வந்த வக்கீல் ஒலிவாரெஸுக்கு இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அட, கேட்கிறார்களே என்று மனுஷன் நிஜமாகவே இன்னொன்றை எடுத்தார். அது முடிந்து நாங்கள் கத்தாமல் இருந்தால் அவருக்கு அவமானம், கத்தினால் எங்களுக்குச் சாவு. பழக்கதோஷம், கத்தித் தொலைத்தோம். அவரும் விடவில்லை, நாங்களும் விடவில்லை, கடைசியில் பாதிரியார்தான் இல்லாத பூசைக்கு மணி அடிக்கச் சொல்லி அவரை இறக்கினார்.

அதற்குப் பிறகு உன் அப்பா. ஒரு மாதமாகக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாசித்துக் காட்டி ஒத்திகை, கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால் எவன்தான் நன்றாக இல்லை என்பான்? ஆனால் அன்றைக்கு எடுத்தது அந்தக் கவிதை இல்லையடா. நீ பஸ் ஏறிய நாளைப் பற்றியது. கடையை விட்டு வெளியே வந்து வழியனுப்பவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று நீயும் நானும் இத்தனை நாளாகக் கறுவிக்கொண்டிருக்கிறோமே, யாரோ ஒருவன் தலைமுடியை வெட்டிக்கொண்டு, எதிரே இருந்த கண்ணாடியில் அந்த பஸ் வளைவு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாராம். இத்தனை வருஷம் கூடவே படுத்து எழுந்த எனக்கு, ஒலிபெருக்கியில்தான் தெரிய வேண்டியிருக்கிறது பார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

முடித்தார். ஒருத்தரும் "இன்னொண்ணு" கேட்கவில்லை. கைகூடத் தட்டவில்லை. வக்கீலுக்கே கத்திய கூட்டம் தனக்கு வாய் திறக்கவில்லை என்று, மனுஷன் என்னையும் விட்டுவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து போர்த்திப் படுத்துவிட்டார், இனிமேல் பேனாவையே தொட மாட்டாராம்.

மறுநாள் காலை மாரித்சா வந்தாள், முற்றத்தின் ஓரத்தில் மரவள்ளியும் பன்றித்தோல் வறுவலும் விற்பாளே அவள்தான். கட்டில் பக்கத்தில் நின்று நன்றாகக் கேட்டாள். "என் ரெண்டு பொண்ணுங்களும் கோஸ்தா ரிக்காவுலதானே இருக்காளுங்க அண்ணே, நேத்து முற்றத்துல உக்காந்திருந்ததுல யார் வீட்டுப் பிள்ளை இங்க இருக்கு? ஒண்ணையே தாங்க முடியல, இன்னொண்ணு வேற கேப்பாங்களா?" என்றாள். அதற்கும் இவர் போர்வையை விலக்கவில்லை. "எம் பிள்ளை காதுல விழலையே, மாரித்சா," என்றார்.

யாதெர், அப்பாவும் மகனும் இரண்டு பிடிவாதக் கோவேறு கழுதைகள், உங்களுக்கு நடுவில் சேதி சுமந்து எனக்கு முதுகு ஒடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, எனக்கு வேண்டாம், அவருக்குப் பண்ணு. அந்தக் கவிதையை வாசியுங்கள் என்று கேள். திட்டுவார், போனை வைத்துவிடாதே. சாரத்தில் ஏறும்போது இடுப்புக் கயிற்றைக் கட்ட மறக்காதே, வேளைக்குச் சாப்பிடு, மாதா உன் கூடவே இருக்கட்டும். அவராகக் கூப்பிடுவார் என்று மட்டும் காத்திருக்காதே, உன் நம்பரை அழுத்திவிட்டு மணி அடிப்பதற்குள் வைத்துவிடுகிறார், நேற்றும் பார்த்தேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா ஆக்சிலியா