பகலில் சொன்ன பாங்கு

17 ஜனவரி 1996, புதன்

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்றுப் பதினெட்டு. போன மாதத்துக்கு இது தேவலை. கால் விரலிடுக்கில் இருந்த புண்ணும் காய்ந்து வருகிறது. பரவாயில்லையே என்று நான் எழும்போது டாக்டர் சொன்னார்: "அடுத்த வாரம் உங்களுக்கு நோன்பு ஆரம்பிக்குதுங்களே. இவங்க பிடிக்கவே கூடாது. போன வருசம் மாதிரி தூக்கிட்டு ஓடி வராதீங்க."

போன வருடம் ஒன்பதாம் நோன்பில் அம்மா குளியலறையில் விழுந்தார். அதற்கு முந்தின வருடம் பாதியோடு நின்றது. அப்போதெல்லாம் மாத்திரைதான். இப்போது காலையும் மாலையும் இன்சுலின் ஊசி வேறு.

ஆட்டோவில் குனியமுத்தூர் வந்தோம். வீட்டு வாசலில் இறங்கியதும் அம்மா சொன்னார்: "இந்த மாசம் போகட்டும் கண்ணு. உடம்பு தேறுனதும் மூணு வருசத்துதையும் சேத்துப் பிடிச்சுப்போடறேன்."

சரிங்கம்மா என்றேன்.

18 ஜனவரி

ஊசி மருந்து தீரப் போகிறது. புதுசு வாங்கினால் வைக்க இடம் வேண்டும் என்று பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாள் அக்காவிடம் சொல்லிவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, மருந்து அவர்கள் ஃபிரிட்ஜில் பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. காலையில் நான் எடுக்கப் போகும்போது, "வாம்மணி, எங்கூட்டுப் பாலுக்கு உங்கம்மா மருந்துதான் காவல்" என்று தினமும் ஒரே பேச்சு. தினமும் சிரிக்கிறேன்.

20 ஜனவரி, சனி

பள்ளிவாசல் ஹஜ்ரத் அக்பர் அலி அவர்களிடம் போனேன். என் வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு உடன் வந்தார். விஷயத்தைச் சொன்னோம். ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நோயாளிக்கு ரெண்டு வழி இருக்குதும்மா என்றார். குணமாகிற நோய் என்றால் விட்ட நோன்பைப் பின்னால் பிடித்துக் கொடுக்க வேண்டும். அது களா. இனிக் குணமாகாது என்ற நோய் என்றால் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு. அது ஃபித்யா. அதோடு கணக்குத் தீர்ந்தது, மனதில் சுமக்க வேண்டியதில்லை.

பிறகு கேட்டார்: "அம்மாவுக்கு இருக்கறது குணமாகற நோயா?"

சாதாரணக் கேள்வி. டாக்டரிடம் இத்தனை வருடமாக நான் கேட்காத கேள்வி. என் வீட்டுக்காரர்தான் மெதுவாக, இல்லீங்க என்றார். நான் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

21 ஜனவரி, ஞாயிறு

பிறை தெரிந்துவிட்டது. நாளை முதல் நோன்பு.

அம்மாவிடம் ஃபித்யா பேச்சை எடுத்தேன். எடுத்திருக்கவே கூடாது. கட்டிலில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது ஆருக்குன்னு எனக்குத் தெரியாதா? படுத்த படுக்கையாக் கெடக்கறவங்களுக்கு. நான் அதைக் குடுத்தா, இனி எந்திரிக்க மாட்டேன்னு நானே படைச்ச ரப்புக்கிட்டச் சொல்லிக் குடுத்தாப்பல ஆயிரும். எனக்கு ஒண்ணுமில்ல. நான் களா பிடிப்பேன்."

"சரிங்கம்மா, ஆனா இந்த மாசம் வேளாவேளைக்குச் சாப்பிடோணும்."

"திங்கறேன். அதையே சொல்லிச் சொல்லிக் கழுத்தறுக்காதே."

25 ஜனவரி

சாப்பிடுகிறார். ஆனால் நோன்பு வைத்திருக்கும் எங்கள் முன்னால் சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். திருடித் தின்பவர் மாதிரி. பார்க்கச் சகிக்கவில்லை.

29 ஜனவரி, திங்கள்

தம்பி ஆஸிம் பெருந்துறையிலிருந்து தெய்வாத்தாள் அக்கா வீட்டுக்கு ஃபோன் செய்தான். ஃபோனில் பாசம் பொழிவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இன்று உருப்படியாக ஒன்று சொன்னான்: "அக்கா, நீயே குடுத்துரு. அவங்களுக்குத் தெரிய வேண்டாம். களா களான்னு சொல்லிட்டே இருக்கட்டும், மனசுக்குத் தெம்பு. ரப்புகிட்டக் கணக்கும் தீந்துரும்."

யோசித்துப் பார்த்தால் சரிதானே? யாருக்கு என்ன நஷ்டம்?

31 ஜனவரி

ஒரு மூட்டை அரிசி வாங்கி மிஸ்பா வீட்டில் இறக்கச் சொல்லிவிட்டேன். புருஷன் விட்டுவிட்டுப் போன பெண், மூன்று குழந்தைகள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். அம்மா பேரில் ஃபித்யா என்று மட்டும் சொன்னேன். யாரிடமும் பேசாதே என்று சொல்ல மறந்துவிட்டேன்.

5 பிப்ரவரி, திங்கள்

நான் காய் வாங்கப் போன நேரத்தில் மிஸ்பா வந்திருக்கிறாள். நல்ல பிள்ளை, நன்றி சொல்ல வந்தாளாம். நேராக அம்மாவிடம் போய், "உங்க ஃபித்யா அரிசி வந்துச்சுங்கம்மா, அல்லா உங்களுக்கு நல்ல மௌத்தக் குடுக்கட்டும்" என்று துஆ செய்துவிட்டுப் போயிருக்கிறாள். நல்ல மௌத்து, அதாவது நல்ல சாவு! வாழ்த்து என்றுதான் சொன்னாள், பாவம்.

பையை வைக்கும் முன்பே அம்மா கேட்டார்: "என்ன அரிசி குடுத்தே?"

சொன்னேன். சாதா அரிசி, கிலோ விலை குறைந்தது.

"நாம திங்கறது பொன்னி. எம்பட பேர்ல குடுக்கறது அதுவா? உங்க அத்தா முப்பது வருசம் அரிசிக்கடை வெச்சிருந்தாரு. ஒரு நாளு கல்லரிசி குடுத்ததில்ல."

அவ்வளவுதான். மற்றதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

6 பிப்ரவரி

சொன்னதையெல்லாம் கேட்கிறார். ஊசி போட்டேன், கையை நீட்டினார். தட்டை வைத்தேன், வாங்கிக்கொண்டார். நாற்பது வருடத்தில் அம்மா இப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

7 பிப்ரவரி, புதன்

எழுத்து கோணல்மாணலா வருது, வரட்டும்.

காலையில் ஊசி போட்டேன். மூணு இட்லி வெச்சேன். கதவைச் சாத்திக்கிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு வெறும் தட்டு வெளியே வந்துச்சு. நான் துணி துவைக்கப் போயிட்டேன். பதினொரு மணி இருக்கும், ஏதோ முனகல் கேட்டுது. ஓடிப் போய்ப் பார்த்தா ஜாக்கெட் முழுக்க வேர்வை. தொட்டா ஜில்லுன்னு இருக்கார். கண்ணு எங்கேயோ பாக்குது. என்னைப் பார்த்து, "தெய்வாத்தா, பால் காசு குடுத்தாச்சல்ல" என்கிறார்.

புரிஞ்சுபோச்சு. இட்லி தின்னல. ஊசி உள்ளே போயிருக்கு, சாப்பாடு போகல, சர்க்கரை அடியோட இறங்கிருச்சு.

சர்க்கரையைக் கரைச்சுக்கிட்டு வந்தேன். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் பல்லைக் கடிச்சுக்கிட்டார். தலையை ஆட்டுறார். "நோன்பு... நோன்பு..." ஆள் யாருன்னு தெரியல, நோன்பு மட்டும் தெரியுது. தாடையைப் பிடிச்சேன். தட்டிவிட்டார், பாதி என் மேலே. அத்தனை பலம் எங்கிருந்து வந்துச்சோ. நான் போட்ட சத்தத்தில் தெய்வாத்தாள் அக்கா சுவரோரமா ஓடி வந்துட்டாங்க.

என்ன தோணுச்சோ தெரியல. அம்மா காதுக்கிட்டப் போய்ச் சொன்னேன்: "அம்மா, பொழுது உழுந்து மஹ்ரிப் ஆயிருச்சுங்க. பள்ளிவாசல்ல பாங்கு சொல்லிட்டாங்கம்மா. நோன்பு திறக்கலாமுங்க."

அம்மா என்னையே பார்த்தார். நம்பல.

தெய்வாத்தாள் அக்கா ஒரு நொடிகூட யோசிக்கல. சேலையை இழுத்துத் தலையில போட்டுக்கிட்டு, "ஆமாங்கக்கா, எங்கூடு வரைக்கும் கேட்டுச்சுங்க. குடிங்க" என்றாங்க.

வாய் திறந்துச்சு. "பிஸ்மில்லா" என்றார். குடிச்சார். இன்னொரு டம்ளர். அப்புறம் அக்கா வீட்டு வாழைப்பழம். கொஞ்ச நேரத்தில் வேர்வை நின்னுச்சு, கண்ணு தெளிஞ்சுது. ஆட்டோ பிடிச்சு டாக்டரிடம் போனோம். இப்போது தூங்குகிறார். மூச்சு ஒழுங்காக வருகிறது, மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டேன்.

பாங்கின் பேரில் பொய் சொல்லிவிட்டேன். என் நோன்பு என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆனால் இன்னொரு தடவை இப்படி நடந்தாலும் இதையேதான் சொல்வேன்.

8 பிப்ரவரி

இட்லி எங்கே போனது என்று தெரிந்தது. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், அக்காவின் எருமைக்கு. "எங்க எருமைக்கு ஊடு தேடிப் பலகாரம் வருது" என்று சொல்லிவிட்டு அக்காவே அழுதுவிட்டார்.

எதற்கு ஊசி மட்டும் போட்டுக்கொண்டீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அது கூடவா தெரியாது என்பதுபோல் பார்த்தார். "ஊசி போட்டா நோன்பு முறியாதுன்னு ஹஜ்ரத்து எப்பவோ பயான்ல சொன்னாரே. நீயும் மருந்து போடாமப் போச்சுன்னு கலங்க வேண்டாம், எம்பட நோன்பும் நிக்கும்னு பாத்தேன்."

என் மனம் கலங்கக் கூடாதாம். அதற்காக ஊசியை வாங்கிக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதையும் காட்டாமல் எழுந்து கஞ்சி கிண்டப் போனேன்.

11 பிப்ரவரி, ஞாயிறு

அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நான் கண்ணத் தொறந்தப்போ சன்னல்ல வெய்யில் அடிச்சுட்டு இருந்துச்சு."

நான் சீப்பை நிறுத்தவில்லை.

"தெய்வாத்தா பாங்கு கேட்டுச்சுன்னு சொன்னதே தப்பு. அவ எந்த நாளு பாங்கக் கவனிச்சா? எருமை கத்துனாத்தான் அவளுக்குக் கேக்கும்."

சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை.

"ஹுமேரா, நெசத்தச் சொல்லு. எனக்கு இது தீராதா?"

என்னிடம்தான் கேட்டார். டாக்டரிடம் கேட்டிருக்கலாம், ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கலாம். பின்னலைப் பிடித்தபடியே சொன்னேன்: "தீராதுங்கம்மா. ஆனா வேளைக்குச் சாப்பிட்டு ஊசி போட்டா இப்படியே ரொம்ப நாளைக்கு இருக்கலாமுங்க. எனக்கு அது போதும். நீங்க இல்லாட்டி என்னால முடியாது."

பின்னல் முடிந்து ரிப்பனும் கட்டியாயிற்று.

"பொன்னி ஒரு சிப்பம் வாங்கியாரச் சொல்லு. அத்தா படி பரண்ல இருக்குது, எறக்கு. மூணு வருசத்துக்கும் நானே அளக்கோணும். நீ அளந்தா குமிச்சு அளக்க மாட்டே."

12 பிப்ரவரி

படியை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். அம்மா முறத்துக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து அளந்தார். ஒவ்வொரு படிக்கும் பிஸ்மில்லா. நடுவில் களைத்துப்போய் நிறுத்தினார், மிச்சம் நாளைக்கு. மதியம் எங்கள் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை.

21 பிப்ரவரி, பெருநாள்

சேமியாப் பாயசம் அம்மாவுக்கு இரண்டு கரண்டி. மூன்றாவது கேட்டார், கொடுக்கவில்லை. மகளா பேயா என்றார். ஆஸிம் குடும்பத்தோடு வந்திருந்தான். தெய்வாத்தாள் அக்கா வீட்டுக்குப் பிரியாணி போகவில்லை, அவர்கள் கறி சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். பாயசம் போயிற்று. மிஸ்பாவின் குழந்தைகள் புதுச்சட்டையில் வந்தார்கள். அம்மா அவள் காதில் ஏதோ சொன்னார், அவள் வெட்கத்தில் சிவந்துவிட்டாள். பிறகு கேட்டேன். "நல்ல மௌத்துன்னு துஆ செய்யறதுக்கு இன்னும் நாளாகட்டும், மொதல்ல நல்ல தூக்கத்துக்குக் கேளுன்னு சொன்னேன்" என்றார்.

3 ஆகஸ்ட்

கண் ஆஸ்பத்திரி. சர்க்கரை இரண்டு கண்ணையும் பிடித்துவிட்டது. இருக்கும் பார்வையைக் காப்பாற்றலாம், போனது வராது என்கிறார்கள். அம்மா கேட்டுக்கொண்டு, சரிங்க டாக்டர் என்றார்.

10 ஜனவரி 1997, வெள்ளி

எல்லோரும் மொட்டை மாடியில் பிறை பார்த்தோம். அம்மா கீழேயே நின்று, "தெரிஞ்சுதா, தெரிஞ்சுதா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு ஆள் உருவம் தெரியும், முகம் தெரியாது. கையைப் பிடித்து, அந்தத் தென்னைக்கு மேலே இருக்குதுங்க என்று காட்டினேன். பார்த்துவிட்டேன் என்று சொன்னார்.

இறங்கி வந்ததும், "விடியறதுக்கு முந்தி சஹருக்கு எந்திரிக்கறப்போ என்னையும் எழுப்பி உடு" என்றார்.

எனக்குப் பகீரென்றது. "எதுக்குங்கம்மா?"

"படி அளக்கத்தான். மொத்தமா ஒரே நாளுல அளந்து தள்ளாதே. அன்னன்னிக்கு உள்ளதை அன்னன்னிக்கு அளப்பேன். நீங்க நோன்பு வெக்கற நேரத்துக்கு நானும் எதாச்சும் செய்யோணுமல்ல."

11 ஜனவரி, சனி

எழுப்பினேன். கண் தெரியாததால் விரலால் தடவித் தடவிக் குமித்து அளந்தார், ஒரு மணி அரிசிகூடக் கீழே சிந்தவில்லை. பிறகு போய்ப் படுத்துக்கொண்டார். காலையில் ஊசி, இட்லி. மதியம் சாப்பாடு. எல்லாம் வேளைக்கு.

மாலையில் கஞ்சியும் பேரீச்சம்பழமும் எடுத்து வைத்து உட்கார்ந்தோம். அம்மாவும் வந்து எங்களோடு உட்கார்ந்து ஒரு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டார். பாங்கு ஒலித்தது. நாங்கள் பழத்தை வாயில் வைத்தோம். அம்மா வைக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"இது நெசப் பாங்கா, உம்பட பாங்கா?"

"நெசப் பாங்குதாங்கம்மா."

பிஸ்மில்லா சொல்லிப் பாதியைக் கடித்தார். மீதியை என் கையைத் தேடிப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார்.

"எனக்கு இது போதும். சக்கர ஏறிக்கும்."