முப்பது நாள் காத்திருப்பு

நாள் 1. 07:10
வியாழனின் நிலவு காலிஸ்டோ, சுற்றுப்பாதை. பதிவு: கோமதி. கப்பல் நலம். கீழே, பனிமேல் உள்ள குடிலில் அருள்தாஸ். தனியாக. இரண்டு இடத்திலும் ஓடுவது நங்கூரம்: கல்லூரியில் நானும் அவனும் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளம். வேறெதன் கிளையும் அல்ல. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒருமுறையும் விழுந்ததில்லை.

நாள் 2. 15:25
குடிலின் வெப்பமானி பழுது. புதியதை மாட்டினான். நங்கூரம் அதைத் தவறாகப் படிக்கிறது. எந்தக் குளிரிலும் தொண்ணூறு டிகிரி. ஹீட்டரை அணைத்துவிட்டது. கையால் போட விசை கிடையாது. வெப்பமானியைக் கழற்றினாலும் ஹீட்டர் ஓடாது.
திருத்தம் எழுதி அனுப்பினேன். பதினோரு வரி.
குடிலின் பதில்: "பெறப்பட்டது. காத்திருப்பு: 30 நாள்."

நாள் 2. 18:00
எங்கள் விதி. எந்தத் திருத்தமும் முப்பது நாள் சோதனையில் கிடந்த பிறகே நிறுவப்படும். முன்பு அவசரமாக அனுப்பிய ஒன்று ஓர் ஊரின் குடிநீர் பம்புகளை நிறுத்தியது. அதன்பின் விதிவிலக்கையே நீக்கினோம். எங்களுக்கும் கிடையாது. அதில் பெருமை வேறு.
அவன் விண்வெளி அங்கியின் சூடு இருபத்தாறு நாள் தாங்கும். என் கப்பல் தரையிறங்காது. மீட்புக் கப்பல் வர நாற்பது.

நாள் 5. 11:30
தாஸ்: "ஏட்டி கோமு, கடிகாரத்த ஒரு மாசம் தள்ளி வச்சேன். நம்ப மாட்டேங்குது. இந்தப் பூட்ட எவ எழுதுனா?"
நான்: "நாந்தாம்லே."
தாஸ்: "நல்லா எழுதியிருக்க."

நாள் 13. 16:05
நாற்பத்தொரு வழியில் உடைக்கப் பார்த்தேன். ஓட்டை இல்லை. யாராவது ஓட்டை இருப்பதாக எழுதினால் இருவரும் சாப்பிடாமல் உட்கார்ந்து அடைப்போம். ஒன்றையாவது விட்டிருக்கலாம்.

நாள் 22. 10:40
தாஸ்: "விரலு மரத்துப் போச்சு. ஒன் திருத்தத்தப் படிச்சேன். ஏழாவது வரியில ஒரு இடைவெளி ஜாஸ்தி."
நான்: "இப்பவே சரிபண்ணி அனுப்பட்டா?"
தாஸ்: "லூசு. முப்பதும் மொதல்லருந்து எண்ணும்."
சிரித்தான். நானும். பிறகு இருவரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

நாள் 28. 09:15
தாஸ்: "கோமு."
அவ்வளவுதான். கொஞ்ச நேரம் மூச்சு. பிறகு இரைச்சல்.

நாள் 29
அழைத்தேன்.

நாள் 30
அழைத்தேன். அந்த இடைவெளியை என் பிரதியில் நீக்கினேன்.

நாள் 32. 15:25
குடில்: "திருத்தம் நிறுவப்பட்டது. பிழை இல்லை. ஹீட்டர் இயங்குகிறது."

நாள் 32. 19:50
குடில்: "உள்வெப்பம் 22. அனைத்தும் சீர். பயனர் தாஸ் இன்னும் வெளியேறவில்லை."