மஞ்சள் கோடு இல்லாத நட்டு

மார்ச் 4, செவ்வாய்

தம்பியின் சின்ன டிராக்டர் வந்தது. முன்னாலிருக்கும் மண் அள்ளும் லோடரின் லீவர் இறுகிப்போய்விட்டது. லோடரைத் தூக்கும் ஆயிலைத் திறந்து மூடும் வால்வுக்கு லீவரிலிருந்து போகும் கேபிளில் துரு. புதுசு போட்டேன். நாற்றுப் பண்ணையில் மண் காத்துக் கிடக்கிறதாம். விடிந்ததும் விடியாததுமாக வந்து தலைமேல் நின்றான். “அக்கா, நீ நட்டுக்கெல்லாம் மை தீட்டி அழகு பாக்கறதுக்குள்ள என் செடியெல்லாம் மரமாயிடும்.” வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பேன். கோடு இருந்தால் அந்த நட்டை மறந்துவிடலாம். இந்தக் கொட்டகையில் இருபது வருஷமாக அதுதான் என் கையெழுத்து.

நடுவில் பக்கத்துக் கடை வெல்டர் குழாயைப் பிடிக்கக் கூப்பிட்டார். தூங்கும்போதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத மனுஷன், அதனால் ஊருக்கே அவர் ‘கண்ணாடி’. போய்ப் பிடித்துவிட்டு வந்தேன். லோடரை நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். நன்றாக இருந்தது. எட்டரைக்கெல்லாம் ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 9, ஞாயிறு

இடுப்பு வலி. படுத்தே கிடந்தேன்.

மார்ச் 15, சனி

லோடரின் பக்கெட் தம்பியின் கால்மேல் இறங்கிவிட்டது. வலது கால். பக்கெட் நிறைய ஈர மண்.

மேலே எழுத வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள், பெருவிரலையும் சேர்த்து. நடப்பானாம். ஆனால் பழைய மாதிரி நடக்க முடியாதாம்.

மயக்கம் தெளிந்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தான். “என் தப்புதான்க்கா. இறங்கறப்ப முழங்கால் லீவர்ல பட்டிருக்கும்.” அவன் மனைவி திட்டிக்கொண்டே அழுகிறாள். “பக்கெட்ட தரையில வெச்சுட்டு இறங்குங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்! காதுல வாங்கினாதானே!” இவன் பேச்சு வாங்கிக்கொண்டு பேசாமல் கிடந்து நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

டிராக்டரைக் கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்டார்கள். தம்பி சொல்லியனுப்பினானாம்: “வித்துடச் சொல்லு. இனிமே எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன். எனக்கு என்மேலயே நம்பிக்கை போச்சு.”

பன்னிரண்டு வயதில் என் சைக்கிளைத் திருடி ஓட்டியவன். அவனா இப்படிச் சொல்கிறான்?

மார்ச் 19, புதன்

ஆஸ்பத்திரியில் அவனை மெல்லக் கேட்டேன். எப்படி நடந்தது? பக்கெட் இடுப்பு உயரத்தில் நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வழியில் கற்கள். இறங்கி முன்னால் போய் ஒன்றைத் தூக்கிப் போட்டான். இன்னொன்றைப் போட்டான். மூன்றாவது பாதி புதைந்திருந்தது. காலால் நெம்பினான். பக்கெட் சத்தமே இல்லாமல் கால்மேல் வந்து உட்கார்ந்துவிட்டதாம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மூன்று கற்கள்தான். முழங்கால் லீவரில் பட்டிருந்தால் அவன் முதல் கல்லைத் தொடுவதற்கு முன்பே பக்கெட் தரைக்கு வந்திருக்கும். அது மெதுவாக இறங்கியிருக்கிறது. தானாக.

அப்படியென்றால் அவன் தப்பில்லை. அப்போது யாருடையது?

மார்ச் 20, வியாழன்

காலையில் பக்கெட்டில் மண் நிரப்பி உயர்த்தி, இன்ஜினை அணைத்தேன். லோடர் கைக்கும் தூணுக்கும் குறுக்கே ஒரே கோடாகச் சுண்ணக்கட்டியால் கீறிவிட்டு இருபது நிமிடம் பார்த்தேன். கோடு விலகவில்லை. அப்பாடா என்றிருந்தது. வெட்கங்கெட்ட அப்பாடா.

அப்புறம்தான் உறைத்தது. ஆயில் குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்த ஆயில் கெட்டி, சின்னச் சந்தில் அவ்வளவு சீக்கிரம் நழுவாது. கேபிள் மாற்றிச் சோதித்த அன்றைக்கும் காலை நேரம்தான். நாலு தடவை ஏற்றி இறக்கினால் ஆயில் எங்கே சூடாகும்?

ஒரு மணி நேரம் ஓட்டினேன். மறுபடி கோடு போட்டேன். இன்ஜின் ஓடுகிறது, லீவரை யாரும் தொடவில்லை. பக்கெட் இறங்க ஆரம்பித்தது. இடுப்பு உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று கல் பொறுக்குகிற நேரம்.

மார்ச் 21, வெள்ளி

கோளாறு பக்கெட்டைத் தூக்கும் சிலிண்டரில் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். உள்ளே சீல் தேய்ந்திருந்தால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தாங்குக்கட்டை கொடுத்து, ஆயில் ஹோஸைக் கழற்றி, சிலிண்டர் வாயை அடைத்தேன். கட்டையை எடுத்தேன். பக்கெட் அப்படியே நின்றது. சிலிண்டரில் கோளாறு இல்லை.

மிச்சம் வால்வுதான். அதற்குள் இருக்கும் தண்டு, லீவரை விட்டதும் சரியாக நடுவில் வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் விலகி நின்றாலும் ஆயில் நழுவிப் பக்கெட் இறங்கும். அதை நிறுத்துவது கேபிளின் நீளம். கேபிளின் நீளத்தைப் பிடித்து வைப்பது ஒரு செக் நட்டு.

மூடியைத் திறந்தேன். ஆறு நட்டு. ஐந்தில் மஞ்சள் கோடு. ஆறாவது அந்தச் செக் நட்டு. அதில் கோடு இல்லை. விரலால் தொட்டேன், சுற்றியது.

அன்றைக்கு அந்த நட்டை இறுக்கப்போகும்போதுதான் கண்ணாடிக்குக் குழாயைப் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது தம்பி சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான். “முடிஞ்சுதுல்ல?” என்றான். முடிஞ்சுதுன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன். ஐயோ, என் வாயாலேயே சொன்னேனே — ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு தடவ?

மார்ச் 22, சனி

கண்ணாடியிடம் மட்டும் சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “இறுக்கி ஒரு கோடு இழுத்து விட்டுடுங்க. அவரே தன் தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. நீங்க எதுக்கு வம்ப விலைக்கு வாங்கறீங்க?” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அவர் போனபின் பெயின்ட் டப்பாவை எடுத்தேன். மூடி ஒட்டிக்கொண்டிருந்தது, நெம்பித் திறந்தேன். பிரஷை முக்கினேன். அதுவரை போனேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

சொல்லிவிட்டேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னேன், உட்காரத் தோன்றவில்லை. நட்டு, கோடு, குளிர்ந்த ஆயில், ஒன்று விடாமல். அவன் கேட்டான்: “அப்ப என் முழங்கால் படல?”

“படல.”

“ஒம்போது நாளா என்னை நானே திட்டிக்கிட்டுக் கெடக்கேன். இவகிட்டயும் திட்டு வாங்கறேன்.” அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். “நீ போ.”

அவன் மனைவி வாசல்வரை வந்தாள். ஏதாவது கத்துவாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 9, புதன்

தம்பிக்குப் போன் செய்தால் அவன் மனைவிதான் எடுக்கிறாள். “தூங்கறாரு அண்ணி.” காலை பதினொன்றுக்கும் தூக்கம், சாயங்காலம் ஆறுக்கும் தூக்கம். இவ்வளவு தூங்குகிறவனா அவன்? கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன இருக்கிறது?

மே 30, வெள்ளி

டிராக்டர் மூலையிலேயே நிற்கிறது. வந்து எடுக்கவுமில்லை, மறுபடி விற்கச் சொல்லவுமில்லை. தார்ப்பாய் போட்டு மூடினேன். அந்த நட்டை இன்னும் தொடவில்லை.

ஜூலை 12, சனி

பத்து மணிக்கு வாசலில் ஒரு வண்டி நின்றது. தம்பி. கையில் ஊன்றுகோல், வலது காலில் தனியாகச் செய்த செருப்பு. இளைத்துப்போயிருந்தான். என்னைப் பார்க்காமல் நேரே போய்த் தார்ப்பாயை இழுத்தான். “வேற கடைக்குக் கொண்டு போலாம்னு சொன்னேன் அண்ணி, கேக்க மாட்டேன்னுட்டாரு,” என்றாள் கூட வந்த அவன் மனைவி.

கவிழ்த்துப் போட்ட டப்பாமேல் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கேபிளை அளந்து வைத்து, தண்டு நடுவில் நிற்கிறதா என்று மூன்று தடவை பார்த்து, நட்டை இறுக்கினேன். கண்ணாடி வெளியிலிருந்து எதற்கோ கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. கோடு இழுக்கும் முன் ஸ்பேனரை அவனிடம் நீட்டினேன். சிரமப்பட்டுக் குனிந்து, நட்டில் மாட்டி, தன் பலம் முழுவதும் போட்டுப் பார்த்தான். அசையவில்லை. ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தான். கோடு இழுத்தேன்.

ஒரு மணி நேரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கினேன். பக்கெட்டில் மண் நிரப்பி இடுப்பு உயரத்துக்குத் தூக்கினேன். இன்ஜினை அணைக்கவில்லை. தூணில் சுண்ணக்கட்டிக் கோடு. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அரை மணி ஆனது. கோடு மயிரிழைகூட விலகவில்லை.

“போதும்ல?” என்று எழுந்தேன்.

“உக்காருக்கா,” என்றான். “இன்னும் அரை மணி பாப்போம்.”

உட்கார்ந்தேன்.