ஊருணியில் காய்ந்த படிகள்

ஜூன் 3, 2025. செவ்வாய்

காலை 6.10. படித்துறையில் காய்ந்த படி பதினொன்று. தண்ணீர் பச்சை. காற்று இல்லை.

ஊருணி நோட்டில் எழுதியது இவ்வளவுதான். மற்றது இங்கே.

பெத்தாச்சி வந்திருந்தார். உரக்கடைக்காரர், எங்கள் ஆவாரங்குடி ஊருணிச் சங்கத்தின் தலைவர், பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சு. கையில் ஒரு வரைபடம். ஊருணியின் கிழக்குச் சரிவில், தண்ணீரைப் பார்த்தபடி பதினோரு வீடுகள் கட்டக் காரைக்குடிப் பாண்டியராஜன் அனுமதி கேட்டிருக்கிறார். அவர் வாங்கிய பட்டா நிலம்தான்; அதில் தகராறு இல்லை. ஆனால் மூன்று பக்கமும் செம்புறாங்கல் சுவர் உள்ள ஊருணிக்குக் கிழக்கு மட்டும் திறந்த சரிவு. நிறைந்தால் தண்ணீர் அங்கேதான் ஏறும். அதற்கு அவர் சொல்லும் வழி, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கை இரண்டு படி இறக்கிவிடுவது. இறக்கினால் ஊருணி இனி என்றைக்கும் நிறையாது. சித்திரையிலேயே காய்ந்துவிடும்; அதோடு ஊர்க் கிணறுகளும்.

ஜூலை 24 அன்று சாக்கோட்டை ஒன்றிய அலுவலகத்தில் நீர்நிலை ஆய்வுக் குழு விசாரிக்கிறதாம். கடந்த பத்தாண்டில் தண்ணீர் எதுவரை வந்தது? அந்தக் கோட்டிலிருந்து ஐம்பது அடிக்குள் வீடு கூடாது. கோட்டுக்கு ஊர் ஆதாரம் காட்டாவிட்டால் பாண்டியராஜனின் பொறியாளர் போட்ட கோடுதான் செல்லும்.

“ஊருக்குள்ள வேற எவன்ட்ட எழுத்து இருக்கு சேவுகா? பத்தொம்பது வருசமா நீதான் தண்ணியப் பாத்துக்கிட்டு நிக்கிற. ஊரே சிரிச்சுச்சு. இப்ப வந்து பேசு.”

பேசுவதா? நானா?

ஜூன் 5

பத்து. நேற்று மாலையில் தூறிய மழைக்கு ஒரு படி ஏறியிருக்கும் என்று நம்ப முடியவில்லை. மறுபடி போய் எண்ணினேன். பதினொன்றுதான். முதல் எண்ணிக்கையை அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டேன்.

இப்படித்தான் நான். ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பிறருடைய கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. வெப்பமானி, தராசு, அழுத்தமானி — எது வந்தாலும் முதலில் அதை நம்பக் கூடாது. 2006 ஜூனில் ஓய்வு. ஜூலை முதல் தேதி ஊருணிக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றும் தெரியவில்லை. சரிபார்க்க ஏதாவது வேண்டியிருந்தது போலும்.

இன்று கூட்டிப் பார்த்தேன். ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் காலைகள். தவறிய நாள் தொண்ணூற்றேழு. அதில் எண்பத்துநான்கு 2016இல், மனைவி செந்தாமரைக்கு இடுப்பெலும்பு முறிந்து மதுரையில் கிடந்தபோது. பெருமை என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை.

ஜூன் 12

பன்னிரண்டு. வெயில்.

ஜூன் 19

பன்னிரண்டு, இரண்டு அங்குலம். பாண்டியராஜன் படித்துறைக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு.

“ஐயா, நீங்கதான் நோட்டுக்காரவுகளா? உங்க நோட்டுப்படி என் பதினோரு வீடும் முங்கிப்போகுதாமே. வீட்டுக்கு ஒரு பரிசலும் சேத்துக் குடுத்துரவா?”

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாதோ? அவர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. போகும்போது, “பாத்து எறங்குங்கய்யா, பாசி கெடக்கு” என்றார்.

ஜூன் 27

பதின்மூன்று.

குழுவுக்குக் கொடுக்க அட்டவணை போட்டேன். கலுங்கு வழிந்த நாட்களை மட்டும் சிவப்பு மையில் தனியே எடுத்தேன். எங்கள் ஊரில் தண்ணீரை அடியிலோ மீட்டரிலோ யாரும் சொல்வதில்லை. “எத்தன படி காஞ்சிருக்கு?” என்றுதான் கேட்பார்கள். மேலிருந்து கீழே எண்ண வேண்டும். நானும் அப்படியே எழுதினேன்; மிச்ச அங்குலத்துக்கு மட்டும் இரும்பு ஸ்கேல்.

2008இல் கலுங்கு வழிந்தபோது காய்ந்த படி மூன்று. 2010, மூன்று. 2015, மூன்று.

2017இல் இரண்டு. 2021, இரண்டு. 2023, இரண்டு.

2016இல் ஊருணியைச் செப்பனிட்டார்கள். கலுங்கையும் ஒரு படி உயர்த்தியிருப்பார்கள் என்று அப்போதே எண்ணிக்கொண்டது நினைவிருக்கிறது. எண்ணிக்கொண்டேன். பார்த்தேனா?

ஜூன் 28

பார்த்தேன். கலுங்கில் ஒரு பிடி சிமெண்டுகூடப் புதிதாக இல்லை. பழைய கல், பழைய காரை, அதன்மேல் பழைய பாசி.

அப்படியானால் இரண்டு எப்படி வந்தது?

ஜூன் 29

செப்பனிட்டபோது படி ஏதாவது மாறியதா என்று படித்துறைக்கு எதிர்வீட்டுக் கருப்பம்மாளிடம் கேட்டேன். நாற்பது வருடமாக இந்தப் படிகளில் ஏறி இறங்குகிறவர். துணி பிழிந்துகொண்டே சொன்னார்:

“மேல இருந்த படியா சார்? அதுதான் உள்ள போயிருச்சுல்ல. சுத்தி நடக்குறதுக்குக் கல்லுப் பதிச்சாகள்ல, அப்பவே அதையும் மூடிப்புட்டாக. அதுலதான் கொடத்த எறக்கி வச்சு மூச்சு வாங்குவேன். இப்ப மொதக் கால் எறக்கவே ஒசரமாக் கெடக்கு. ஒங்ககிட்டக்கூட அப்பச் சொன்னேன். ‘ம்’னு சொல்லிட்டுப் போனீக.”

‘ம்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

நான் மதுரையில் இருந்த எண்பத்துநான்கு நாட்களில் முதல் படி புதைந்திருக்கிறது. திரும்பி வந்து, கண்ணில் பட்டதை முதல் படி என்று வைத்து எண்ணத் தொடங்கியிருக்கிறேன். ஒன்பது ஆண்டுகள். நான் எழுதிய ஒவ்வொரு நாளும் தண்ணீர் உண்மையில் ஒரு படி கீழே இருந்திருக்கிறது.

நீளம் அளக்கும் முன் ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கிறதா என்று பார் — கூடத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் நான் சொன்ன முதல் பாடம் இது. யாருக்குச் சொன்னேன்? எனக்குச் சொல்லிக்கொண்டேனா, மடையா?

ஜூன் 30

படி எண்ணப் போகவில்லை. தவறிய நாள் தொண்ணூற்றெட்டு.

ஜூலை 2

பதின்மூன்று. இல்லை. புதைந்ததையும் சேர்த்துப் பதினான்கு.

பெத்தாச்சியின் கடைக்குப் போய்ச் சொன்னேன். உர மூட்டைமேல் உட்கார்ந்தபடியே கேட்டார்:

“யாருக்குத் தெரியும் இது?”

“கருப்பம்மாளுக்கு. எனக்கு. இப்போது உனக்கு.”

“அப்ப முடிஞ்சுச்சு. சாக்கோட்டையில நோட்ட மட்டும் குடு. வாயத் தொறக்காம இரு. அது ஒனக்கு நல்லாத்தான வரும்?”

வலித்தது. உண்மை என்பதால் கூடுதலாக.

“ஊருக்கு நல்லதுக்குத்தானடா. ஒரு படி கூட இருந்தா என்ன கெட்டுப்போச்சு? ஒத்துக்கிட்டன்னா அந்த இஞ்சினியரு மொத்த நோட்டையும் குப்பைன்னுருவான். கலுங்கு எறங்கிரும். பாத்துக்க.”

அவர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். அதுதான் பயமாக இருக்கிறது. நான் பேசினால் ஊருணி போய்விடுமோ? பேசாவிட்டால் — தராசில் கள்ளமாக ஒரு எடைக்கல்லை வைத்தவனாவேன். என் நோட்டில்.

ஜூலை 3

பதினான்கு. நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்தோம். செந்தாமரை ஒரு முனை, நான் ஒரு முனை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சரிவில் நடந்தாள். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. ஒரு படி ஏழு அங்குலம். கிழக்குச் சரிவில் அந்த ஏழு அங்குலம் இருபது அடி நிலமாகிவிடுகிறது. என் பிழையான கோட்டின்படி பதினோரு வீடுகளும் கூடாது. சரியான கோட்டின்படி ஒன்று முதல் நான்குவரை தப்பிக்கின்றன. நான்காம் மனையின் கல் கோட்டிலிருந்து ஐம்பத்தெட்டு அடியில் இருக்கிறது. ஐந்து முதல் பதினொன்றுவரை எப்படிப் பார்த்தாலும் கூடாது.

அந்த நான்கு வீட்டை வாங்கும் நால்வர் யார் என்று தெரியாது. யாரோ வெளியூரில் இருந்துகொண்டு சன்னலைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்கள். என் ‘ம்’ அவர்கள் வீட்டை அழிக்க இருந்தது.

திரும்பும் வழியில் செந்தாமரையிடம் கேட்டேன், என்ன செய்யட்டும் என்று.

“சொல்லாம இருந்தா ஒங்களுக்குச் சோறு எறங்குமா? எறங்காது. அப்பறம் நாந்தான் வேளா வேளைக்கு ரசம் வச்சுக் கரைச்சு ஊத்தணும். சொல்லித் தொலைங்க.”

ஜூலை 23

பதினைந்து. நாளை. பேசவேண்டியதை ஒரே தாளில் எழுதி ஏழுமுறை படித்தேன். ஏழுமுறையும் ‘வணக்கம்’ என்பதிலேயே நிறுத்தி மறுபடி தொடங்கினேன்.

ஜூலை 24. வியாழன்

பேசிவிட்டேன்.

ஒழுங்காக எழுதுகிறேன். குழுவில் மூவர். தலைவர் ஸ்ரீநிவாசன், ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியாளர், மெலிந்த மனிதர். அறையில் நாற்பது பேர் இருக்கலாம். பெத்தாச்சி முன்வரிசையில், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெயர் கூப்பிட்டதும் எழுந்தேன். தாளை மேசைமேல் வைத்துவிட்டு, பார்க்காமலே சொன்னேன்:

“என் பதிவில் ஒன்பது ஆண்டுகளாக ஒரு பிழை இருக்கிறது.”

“சார், கொஞ்சம் சத்தமா,” என்றார் ஸ்ரீநிவாசன்.

மறுபடி சொன்னேன். சத்தமாக. பிறகு எல்லாவற்றையும்: முதல் படி, கலுங்கு வழிந்த ஆறு நாட்கள், மூன்றும் இரண்டும், ஏழு அங்குலம், நான்கு வீடுகள். பாண்டியராஜனின் பொறியாளர் எழுந்துவிட்டார். எழுதியவரே தப்பு என்கிறார், இந்த நோட்டைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது என்றார். பெத்தாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“வேற யாருக்காவது இது தெரியுமா?” என்று ஸ்ரீநிவாசன் கேட்டார்.

“கருப்பம்மாளுக்குத் தெரியும். அவர் 2016லேயே என்னிடம் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.”

அறை சிரித்தது. பாண்டியராஜனும் சிரித்தார். பின்வரிசையிலிருந்து கருப்பம்மாள், “இப்பயாச்சும் ஒத்துக்கிட்டாகளே!” என்று உரக்கச் சொன்னார். மறுபடி சிரிப்பு. பொறியாளர் கேட்ட ஐந்து கேள்விகளுக்கும் நின்றபடியே பதில் சொன்னேன். எழுபத்தொன்பது வயதில். நான்.

நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம்.

ஜூலை 25

பதினைந்து. பெத்தாச்சி எதிரே வந்தவர் அடுத்த சந்தில் திரும்பிவிட்டார்.

ஜூலை 31

குழு வந்தது. நடைபாதையில் பதித்த ஆறு பேவர் கற்களைப் பெயர்த்தார்கள். கீழே மண், மண்ணுக்குக் கீழே சிவப்பாக, ஈரமாக முதல் படி. கருப்பம்மாள் குனிந்து அதைத் தடவி, “இந்தா இருக்கான்ல” என்றார்.

மட்டக் கருவியை நிறுத்திக் கலுங்கின் உச்சியைப் பார்த்தார்கள். ஸ்ரீநிவாசன் என் நோட்டுகளில் தாமே பக்கம் புரட்டி, கலுங்கு வழிந்த நாட்களில் 2010இல் ஒன்றும் 2021இல் ஒன்றும் எடுத்து, பின்னதில் ஒரு படி திருத்திப் பார்த்தார். பிறகு ஊருணியைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

“அரை அங்குலங்கூட வித்தியாசம் இல்ல சார். எதுல அளந்தீங்க?”

இரும்பு ஸ்கேலைக் காட்டினேன். அதன் தேய்ந்த முனைக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று பின்புறம் குறித்து வைத்திருப்பதையும் காட்டினேன். வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நெடுநேரம் படித்தார். “ஒங்க கை நல்ல கை” என்றார்.

முப்பத்துநான்கு ஆண்டுகளில் எத்தனையோ விஞ்ஞானிகளுக்குத் தராசு சரிசெய்து கொடுத்திருக்கிறேன். யாரும் இப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து செந்தாமரையிடம் சொன்னேன். உடனே சொன்னதாகத் தெரியக் கூடாது என்று, காபி குடித்து முடித்த பிறகு.

“அத வாசல்ல செருப்பக் கழட்டயிலேயே மூஞ்சியில பாத்துட்டேன்” என்றாள்.

ஆகஸ்ட் 21

பதினாறு. உத்தரவின் நகல் வந்தது. கலுங்கை இறக்கக் கூடாது. ஐந்து முதல் பதினொன்றுவரை அனுமதி இல்லை. ஒன்று முதல் நான்குவரை கட்டலாம். முதல் படியைத் திறந்தே வைக்க வேண்டும். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: ‘பதிவாளர் தமது பிழையைத் தாமே கண்டறிந்து, தமக்குப் பாதகமாகவும் தெரிவித்துள்ளமையால், ஏனைய பதிவுகளை இக்குழு முழுமையாக ஏற்கிறது.’

‘தாமே கண்டறிந்து’ — இது சரியில்லை. கருப்பம்மாள் பெயர் வரவேண்டும். திருத்தம் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டேன்.

மாலையில் பெத்தாச்சி வந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அந்த வரிய வாசி” என்றார். வாசித்தேன். “இன்னொருக்கா.” வாசித்தேன். “வாயத் தொறந்தே கெடுத்திருவன்னு நெனச்சேன்டா,” என்றார். பிறகு இருவரும் வெகுநேரம் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் 6. சனி

காலை 6.20. கலுங்கு வழிகிறது. காய்ந்த படி மூன்று. எண்ணியவர் கருப்பம்மாள், சரிபார்த்தது நான்.

மழை விட்டதும் செந்தாமரையும் நானும் கிழக்குச் சரிவுக்குப் போனோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரைபடத்தைப் பார்த்து அடி எண்ணி நடந்து, ஏழாம் எண் வீட்டின் கூடம் வரவேண்டிய இடத்தில் நின்றேன். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். சிறு மீன்கள் விரலைக் கொத்தின. அவள் கரையில் நின்று, “உள்ள வரலாமா? ஆளு இருக்கீகளா?” என்று கூப்பிட்டாள்.

பிறகு தண்ணீரின் விளிம்பிலிருந்து மேலே, நான்காம் மனையின் கல்வரை நாடாவை இழுத்தோம். செங்கல் வரிசை இடுப்பளவு எழுந்திருந்தது. கொத்தனார் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு, “என்னய்யா அளக்குறீக?” என்று கேட்டார். சொன்னேன், அவருக்குக் கேட்கும்படி:

“ஐம்பத்தெட்டு அடி. காய்ந்த தரை.”