நீ பார்க்காத நீலப் பட்டாம்பூச்சி

என் பிரியத்துக்கும் கோபத்துக்கும் உரிய அண்ணா,

நேற்று நந்தி மலைக்குப் போயிருந்தேன். நீ போய் ஓராண்டாகிறது என்று உன் சிநேகிதர் ஆரோக்கியம் விவேக் நகரிலிருந்து வந்து அழைத்தார். மறுக்க முடியவில்லை. மழை விட்டிருந்தது. பாறை இடுக்கெல்லாம் தும்பை, புதர்களில் செங்காந்தள்.

உங்கள் இருவரின் வழக்கத்தை அவர் இன்னும் விடவில்லை. மலையில் பூவோ பூச்சியோ ஒருவர் கண்டது போதாது. இன்னொருவரும் கண்டு ‘ஆமாம்’ என்றால்தான் நோட்டில் எழுதுவது. நம்மைப் பிரித்ததும் அதுதானே? எட்டு வருடத்துக்கு முன், உண்ணிச்செடிப் பூவில் பெரிய நீலப் பட்டாம்பூச்சியை நான் காட்டினேன். ஆரோக்கியம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். “நான் பார்க்கலை. எழுத வேணாம்” என்றாய். இருபதடி தூரம்கூட இல்லை. நான் முதலில் கண்டுவிட்டேனே என்ற பொறாமை என்று முடிவு கட்டினேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொன்னேன். உன் சாவுக்கும் வரவில்லை.

நேற்று அதே இடத்தில் அதையே சொன்னேன். ஆரோக்கியம் நின்றுவிட்டார்.

“பொறாமையா? உங்க அண்ணனுக்குக் கண்ணு தெரியல தம்பி. பத்தடிக்கு அப்பால எல்லாம் புகை மாதிரி. கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்லன்னுட்டார் டாக்டர்.”

“பிறகு எப்படி மலை ஏறினான்?”

“என் தோளைப் புடிச்சிக்கிட்டு. ‘என்ன, கல்யாண ஊர்வலமா?’ன்னு நீங்ககூட கிண்டல் பண்ணுவீங்களே!”

நோட்டைப் புரட்டிக் காட்டினார். உன் கடைசி வருடங்களில் குனிந்து பார்க்கக்கூடிய பூக்கள் மட்டுமே இருந்தன. பறக்கும் ஜந்து ஒன்றுகூட இல்லை. பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஃபேக்டரியில் வரைபடம் போடும் வேலை போய்விடும் என்று மறைத்தாயாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“கோபம் வந்தா எல்லாத்தையும் வெளிய கொட்டிடுவான்னு பயந்தார், தம்பி.”

என்னைப் பார்த்தா பயந்தாய்?

ஒன்று மட்டும் விளங்கவில்லை, அண்ணா. ஒரு ‘ஆமாம்’ சொல்லியிருந்தால் உன் ரகசியமும் தப்பியிருக்கும், நானும் உன்னோடு இருந்திருப்பேன். உலகத்திடமே கண் குறையை மறைத்தவனுக்கு, ஒரு பூச்சி விஷயத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லையா?

உன்னைப் பொறாமைக்காரன் என்று யார் யாரிடம் சொன்னேனோ, அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் நான் சொன்னது பொய் என்று சொல்வேன். முதலில் அண்ணியிடம். என் கோபம் இன்னும் தீரவில்லை. அது தீரட்டும் என்று காத்திருக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்தும் உன்னை அறியாத தம்பி,
கோபாலன்