பகல் பன்னிரண்டரைக்கு நடந்த ஆய்வு

அனுப்புநர்:
தையற்காரர்,
குவாரிச் சாலை, கடைசி வீடு.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
சூரிய மின்சார மானியப் பிரிவு.

பொருள்: பேட்டரி மானியம் மறுக்கப்பட்டது – மறு ஆய்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மின்கம்பங்கள் எங்கள் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே நின்றுவிட்டன. கூரையில் உள்ள சோலார் தகடுகளை நம்பியே நானும் என் அக்காவும் குடும்பம் நடத்துகிறோம். இருபது வருடம் பஞ்சாலையில் உழைத்ததில் அக்காவின் நுரையீரல் கெட்டுவிட்டது. தூங்கும்போது மூச்சுக்கருவி ஓடியாக வேண்டும். பழைய பேட்டரி மூன்று மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. அதன்பின் டீசல் ஜெனரேட்டர்தான். என் தையல் கூலியில் பாதியை அது குடிக்கிறது. அதன் புகையோ அக்காவின் நெஞ்சுக்கே போகிறது.

2. மானியம் கேட்டு மனு செய்தேன். சென்ற மாதம் தங்கள் ஆய்வாளர் பகல் பன்னிரண்டரைக்கு வந்தார். அப்போது வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, என் தையல் மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பாவம், அவருக்கு வேர்த்துக் கொட்டுகிறதே என்று அக்கா சொல்லவே, மின்விசிறியையும் நானே போட்டேன். அதையும் சேர்த்து எழுதிக்கொண்டு, "வசதியான வீடு, மானியம் தேவையில்லை" என்று முடித்துவிட்டார்.

3. ஐயா, வெயில் உச்சியில் இருக்கும்போது தகட்டிலிருந்து நேராக எடுக்கும் மின்சாரத்துக்குச் செலவில்லை, பேட்டரியும் தேயாது. அதனால் ஒரு நாள் வேலை முழுவதையும் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் அடித்துப் பிடித்து முடிக்கிறோம். மேகம் மூடினால் துணி சோப்பு நுரையோடு அப்படியே கிடக்கும். இரண்டு மணிக்குமேல் வீட்டில் சுவிட்சைத் தொட்டால் அக்கா முறைப்பார். எங்கள் சிக்கனத்தைத்தான் ஆய்வாளர் ஆடம்பரம் என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஏன் இப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

4. தங்கள் மறுப்புக் கடிதத்தைப் படித்த அக்கா, நம்மை வசதியானவர்கள் என்று இதுவரை யாருமே சொன்னதில்லையே என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாகி அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

5. ஆகவே, அதே ஆய்வாளரை ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அக்கா ஆறரைக்கே படுத்துவிடுவார்; மூச்சுக்கருவியைத் தவிர அப்போது எதுவும் ஓடாது. வாசல் விளக்கும் எரியாது என்பதால், வரும்போது ஒரு டார்ச் எடுத்துவரச் சொல்லவும்.

தங்கள் மறு ஆய்வை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
தையற்காரர்

இடம்: குவாரிச் சாலை
தேதி: 14.03.2023